மொனிகாவின் பியூகிள்

பலர்மோ,
15.10.2023

இயேசு மரி சூசை துணை

அன்பு மச்சாள் மொனிகாவுக்கு,

நானும் கிறிகோரியும் மகள் ஜெசிக்காவும் இங்கே ஆண்டவர் கிருபையில் சுகம். நீயும் ஸ்ரீபன் அண்ணாவும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

“மொனிகாவின்ரை போன் உடைஞ்சுபோச்சு. வீடியோவிலை வரமாட்டாளாம், உன்னைக் கடிதம் போடச் சொன்னவள்” என்று அண்ணா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? பிறகு முத்திரை வாங்கப் போகும் வழியில் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே துண்டு எழுதியவர்கள் நாம். அண்ணாவை நீ கட்டி எனக்கு மச்சாளானதால் அந்தப் பழக்கம் மாறிவிடுமா?

ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிறு போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த வழியாக ஒரு சுற்றுப்பிரகாரம் வந்தது. சுரூபத்துக்கு முன்னால் இத்தாலியர்களின் பாண்ட். எல்லாரும் வயிறு தள்ளிய கிழவர்கள். தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனால் பெரிய ட்ரம்மின் முதல் அடி விழுந்ததும் நான் மீன் பையோடு இடது காலைத் தூக்கி வைத்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற ஞானம்பிகை அக்காதான் கண்டுபிடித்தார். நான் வேலைக்கு நின்று பார்க்கும் இத்தாலியக் கிழவி, அந்தச் சிஞ்ஞோராவின் கட்டடத்திலேயே மேல் மாடியில் வேலை செய்கிறார், யாழ்ப்பாணத்தவர், சைவம்.

“என்ன மாக்கிரட், நிண்ட இடத்திலை மார்ச் பண்ணுறீர்?”

“பள்ளிக்கூடத்திலை பாண்டிலை இருந்தனான் அக்கா. சைட் ட்ரம்.”

“நானும்தான். சிம்பல்ஸ்.”

எத்தனை வருடமாகப் பழகுகிறோம், இதை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தத் தெருவிலேயே நின்று கதைத்தோம், மீன் மணக்கத் தொடங்கும்வரை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைக் கழுவி, சோக்குக் கட்டியால் தேய்த்து, ஈரம் காயாமலே போட்டுக்கொண்டு ஓடுவோமே, அவரும் அப்படித்தான் ஓடினாராம்.

அவருக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ பியூகிளை உதட்டில் வைத்ததும் முழுப் பாண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நீ புறப்பாட்டை ஊதி முடித்தால்தான் எங்கள் கால் எழும்பும். உனக்கு நினைவிருக்கிறதா? எழுது. உன் படம் ஒன்றும் அனுப்பு. முகம் பார்த்துக் கன நாள்.

அண்ணாவுக்கு என் அன்பு. மழைக்கு முன் கூரையைப் பார்க்கச் சொல்லு.

உன் மச்சாள்,
மாக்கிரட்


பேசாலை,
9.11.2023

மடு மாதா துணை

என் மாக்கிரட் மச்சாளுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் மழைக்குள் சேர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். நாங்கள் சுகம். இவருக்கு முழங்கால் மட்டும் மழைக்குக் குத்துகிறது. மகன் றஞ்சித் கொழும்பில் வேலையில் இருக்கிறான், ஒழுங்காகக் கதைக்கிறான். உங்கள் மூவருக்காகவும் செபமாலையில் ஒரு மணி எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நினைவிருக்கிறதா என்று கேட்கிறாய். சப்பாத்தை விட எனக்குக் கழுதைதான் நினைவில் நிற்கிறது. ஆயரை வரவேற்க மன்னார் ரவுணுக்குள்ளால் போனோமே, அந்த நாள். பாலத்தடியில் திரிந்த கழுதை ஒன்று வந்து எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது. விரட்ட ஒருவருக்கும் துணிவில்லை. நான் கழுதையின் வாலைப் பார்த்துக்கொண்டு ஊதுகிறேன். ஓரமாக வந்த சிஸ்டர், “ஒருத்தரும் சிரிக்கப்படாது, நேரை பாருங்கோ” என்கிறா. பெரிய ட்ரம் ஆரணிக்குச் சிரிப்பு அடங்காமல் அடி தவறியது. அடி நின்றதும் கழுதையும் நின்றது. அடி தொடங்க அதுவும் நடந்தது. ஆயர் அதற்கும் சேர்த்துத்தான் ஆசீர்வாதம் கொடுத்தார்.

சண்டைக்குப் பயந்து ஊரெல்லாம் எழும்பி ஓடிய வருடத்தில் ட்ரம்களும் பியூகிளும் பள்ளிக்கூட அறையிலேயே கிடந்து போய்விட்டன. அதற்குப் பிறகு நான் ஊதவே இல்லை. பியூகிளில் விரல் வைக்க ஒன்றும் இல்லை, தெரியும்தானே? எல்லாச் சுரமும் உதட்டில்தான். இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். அது அந்தக் காலம்.

படம் கேட்டாய். இவர் எடுத்தால் தலை இராது. பிறகு பார்ப்போம். கோயிலில் இப்போது பின் வாங்கில்தான் இருக்கிறேன். முன்னால் காற்றாடி ஒத்துவரவில்லை. பாட்டுக்குழுவையும் விட்டுவிட்டேன். இளசுகள் பாடட்டும்.

ஜெசிக்காவுக்கு மாமியின் முத்தம். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
மொனிகா


பலர்மோ,
10.12.2023

இயேசு மரி சூசை துணை

அன்பு மச்சாள்,

உன் கழுதையை வாசித்துவிட்டு பஸ்ஸில் சத்தம் போட்டுச் சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் சுகம். கிறிகோரிக்கு இருமல், பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது கேள். எங்களுக்கு ஒரு பாண்ட் இருக்கிறது.

ஞானம்பிகை அக்கா சும்மா இருக்கவில்லை. கோயிலிலும் கடையிலும் கண்ட பெண்களையெல்லாம் பிடித்து, “நீர் பள்ளிக்கூடத்திலை பாண்டிலை இருந்தனீரோ?” என்று கேட்கத் தொடங்கினார். எங்கள் கட்டடத்தில் மட்டும் இன்னும் இரண்டு பேர். வீடு கூட்டுகிறவர்கள், கிழவிகளைப் பார்க்கிறவர்கள், சமையல்காரிகள், எல்லாரும் ஒரு காலத்தில் வெள்ளைக் கையுறை போட்டு நடந்தவர்கள். எங்கள் பங்கு யோசேப் சுவாமியிடம் போய் நின்றோம். ஜூலையில் மடு மாதா திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பங்கு போர்கோ வெக்கியோவில் சுற்றுப்பிரகாரம் போகும். அதற்கு முன்னால் நாங்கள் நடப்போம் என்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நடவுங்கோ, ஆனால் விழக்கூடாது” என்றார்.

பழைய இத்தாலிய பாண்ட் ஒன்று வைத்திருந்த ட்ரம்களைக் கடன் தந்திருக்கிறது. முதல் நாளே சண்டை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு நடை. “எங்கடை பள்ளிக்கூடத்திலை திரும்பேக்கை நாலடி” என்கிறாள் ஒருத்தி. “அதுதான் நீங்கள் ஒரு கோப்பையும் எடுக்கேல்லை” என்கிறாள் மற்றவள்.

நான் வேலை வீட்டில் இரண்டு மரக்கரண்டியால் தலையணையில் பழகுகிறேன். சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து, “மார்கெரீத்தா, அந்தத் தலையணை உனக்கு என்ன செய்தது?” என்று கேட்டார்.

பெரிய கோயிலடிப் பழைய சாமான் கடையில் ஒரு பியூகிளும் கிடைத்தது. பட்டாளத்துப் பியூகிள், வாயில் நெளிவு. சுலக்சனா என்று ஒரு கிளிநொச்சிப் பெண், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறாள். அவள்தான் ஊதிப் பார்க்கிறாள். கப்பல் புறப்படுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது.

மச்சாள், நீ வா. வேளாங்கண்ணிக்குப் போக எடுத்த பாஸ்போட் இருக்கிறதுதானே? கிறிகோரி அழைப்புக் கடிதம் எழுதித் தருவார், கொழும்பில் றஞ்சித் பார்த்துக்கொள்வான். வந்து ஊது. உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நத்தார் வாழ்த்துகள் உங்கள் இருவருக்கும். நத்தாருக்காவது ஒரு படம் அனுப்பு. பாலகன் உங்கள் வீட்டில் பிறக்கட்டும்.

மாக்கிரட்


பேசாலை,
4.1.2024

அன்பு மச்சாளுக்கு,

புது வருட வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். கிறிகோரியின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

நீ பாண்ட் சேர்த்தது சந்தோசம். ஆனால் நான் வரச் சரிப்படாது. இவரின் முழங்கால் இருக்கிறது. கோழிகள் இருக்கின்றன, பார்க்க ஆளில்லை. அவ்வளவு தூரம் பிளேனில் இருக்க என்னால் முடியாது. இந்த வயதில் ஊத மூச்சும் இல்லை. வேறு ஆளைப் பார்.

எல்லாருக்கும் அன்பு.

மொனிகா


பலர்மோ,
28.1.2024

மச்சாள்,

சுகமா? நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்ட படத்தையும் காணவில்லை, அனுப்பு. கிறிகோரி வேலைக்கு லீவு போட்டுக் கொஸ்தூரா பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று விசாரித்துக்கொண்டு வந்தார். ஜெசிக்கா தன் அறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறாள். நீ கோழியைச் சொல்கிறாய். அண்ணா அந்த முழங்காலோடு இன்றும் கடலுக்குப் போகிறார், எனக்குத் தெரியாதா?

வர விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று எழுது. நான் அழுதுவிட்டு விட்டுவிடுவேன். என்னிடம் போய்க் கோழியைச் சொல்லாதே.

மாக்கிரட்


பேசாலை,
25.2.2024

அன்புத் தங்கச்சி மாக்கிரட்,

நானும் மச்சாளும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். எனக்கு எழுத வராது, பிழை இருந்தால் பொறு. நான் எழுதுவது மொனிகாவுக்குத் தெரியாது.

அவளுடைய போன் உடையவில்லை. ஓகஸ்டில் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தாள், தண்ணி ஒரு பக்கத்தால் வழிந்தது. இடது கண்ணும் மூடவில்லை. முகவாதம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து தந்தார்கள், பயிற்சி சொன்னார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பாதி சுகமாகிவிட்டது, மிச்சம் வருமோ வராதோ சொல்ல முடியாது என்றார்கள். கண் இப்போது மூடுகிறது. வாய்தான் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது. வெளிநாட்டில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது, முக்கியமாக உனக்கு, என்று சத்தியம் வாங்கினாள். அதனால்தான் வீடியோ வேண்டாம் என்றாள்.

பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஊதுகிறாள். நான் கேட்காத மாதிரி வலை பின்னிக்கொண்டு இருக்கிறேன். உன் கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் கதவும் சாத்தவில்லை, பலூனும் இல்லை. சாப்பிடுகிறாள், படுக்கிறாள், அவ்வளவுதான்.

உன்னில் பிழை இல்லை, உனக்குத் தெரியாது. தெரிந்தால் சரியாக என்ன செய்வது என்று நீ பார்த்துக்கொள்வாய். எனக்குத் தெரியவில்லை.

மருமகளுக்கும் கிறிகோரிக்கும் என் அன்பு.

அண்ணன்,
ஸ்ரீபன்


பலர்மோ,
14.3.2024

இயேசு மரி சூசை துணை

என் அன்பு மச்சாளுக்கு,

தவக்காலம் நடக்கிறது, நாங்கள் சுகம். நீ எப்படி? கோழிகள் எப்படி? உண்மையாகத்தான் கேட்கிறேன். போன கடிதத்தில் அளவுக்கு மிஞ்சிக் கதைத்துவிட்டேன், மறந்துவிடு. வரச் சொல்லி இனி நான் கேட்கமாட்டேன். உனக்கு மனம் வந்தால் அறை இருக்கிறது, அது அப்படியே இருக்கும்.

பாண்ட் கதை சொல்கிறேன். நகரத்துக்குள் பழக முடியவில்லை, அயலவர்கள் யன்னலால் கத்துகிறார்கள். சுலக்சனாவின் கடை திங்கட்கிழமை பூட்டு. அதனால் திங்கள் பின்னேரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், வள்ளங்கள் இழுத்து வைக்கும் இடத்தில் நடக்கிறோம். வலை தைக்கிற கிழவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் திரும்பும்போது பிழைத்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

நீ எங்களைப் பார்க்க வேண்டும். ஒருத்திக்கு இடுப்பு, குனிந்த பிறகு நிமிர ஆள் வேண்டும். ஒருத்திக்குச் சப்பாத்துக்குள் கால் நுழையாது, செருப்போடு வருகிறாள். ஞானம்பிகை அக்காவுக்கு ஒரு காது கேட்காது; சிம்பல்ஸை அந்தக் காதுப் பக்கமாகத்தான் தட்டுகிறார், மற்றக் காது பத்திரமாக இருக்கட்டுமாம். போன கிழமை என்னைப் பார்த்து, “மாக்கிரட், நீர் ட்ரம் அடிக்கிறீரோ, மிளகாய் இடிக்கிறீரோ?” என்றார். வடிவாக நடக்கிறவள் என்று எங்களுக்குள் ஒருத்தியும் இல்லை. ஆனாலும் அந்தப் பெரிய ட்ரம் விழும்போது எல்லாருடைய இடது காலும் ஒன்றாகப் போகிறது, மச்சாள். அது மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை.

ஒரு உதவி கேட்கிறேன். நம் புறப்பாட்டின் நடுப்பகுதி எனக்கு வரவில்லை. சிஸ்டர் வாயால் பாடிக் காட்டுவாவே, அதை எழுத்தில் எழுதி அனுப்பு. சுலக்சனா பார்த்து ஊதுவாள்.

அண்ணாவுக்கு அன்பு. அவருக்கு ஒரு நல்ல மீன் சமைத்துக் கொடு, நான் சொன்னதாக.

உன்,
மாக்கிரட்


பேசாலை,
8.4.2024

மடு மாதா துணை

என் மாக்கிரட்டுக்கு,

உயிர்ப்புத் திருநாள் நல்லபடி முடிந்தது. நாங்கள் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன். இந்த முறை சரியாக எழுதுகிறேன்.

பெப்ரவரியில் உன் அண்ணா தபால் கந்தோருக்குப் போனவராம். கலியாணம் கட்டின காலத்திலிருந்து அந்தப் படியில் கால் வைக்காத மனிதர். நேற்றுத் தபால்காரர், “ஐயா இத்தாலிக்குக் கடிதம் போட்டவர், பதில் வந்ததோ?” என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ படம் கேட்கவில்லை. நீ படம் கேட்காத கடிதம் அது ஒன்றுதான்.

கோபம் இல்லை. இவரோடு அரை நாள் கதைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு, “என்னெண்டு எழுதினீங்கள்?” என்று கேட்டேன். “உள்ளதை எழுதினனான்” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

உனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு முகத்தின் இடது பக்கம் செத்துப்போனது. கண்ணாடியில் ஒரு பாதி நான், மறு பாதி யாரோ. தேத்தண்ணி குடித்தால் வழியும் என்று ஆள் முன்னால் குடிப்பதில்லை. சிரித்தால்தான் கூடத் தெரியும், அதனால் சிரிப்பை விட்டேன். நீ வந்து ஊது என்று எழுதினாய். அந்த இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். ஊர்வலத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, இந்த வாயோடு நான் எப்படி நிற்பேன்? அதை எழுத முடியாமல்தான் கோழியை எழுதினேன். அதுகள் பாவம்.

ஞானம்பிகை அக்காவின் காதுக் கதையை வாசித்துச் சிரித்துவிட்டேன். குசினியில் தனியாக இருந்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, வாய் எப்படிப் போயிருக்கும் என்று பார்க்கவில்லை என்று. இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தரம்.

புறப்பாடு இதுதான்: தா, தத்தா தா, தா, தத்தா தீ, தீ, தத்தா தா. கடைசித் தாவை நீட்ட வேண்டும், நீ முதல் அடி அடிக்கும்வரை விடக்கூடாது. நடுவில் தீக்கு ஏறும்போதுதான் கவனம். அங்கேதான் எல்லாரும் விழுவார்கள்.

றஞ்சித்திடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டேன். விசா கிடைத்தால் வருகிறேன். ஆனால் ஊதமாட்டேன். ஓரத்தில் நின்று பார்ப்பேன். சால்வையால் வாயை மூடிக்கொள்வேன், எடு என்று நீ சொல்லக்கூடாது. சம்மதம் என்றால் எழுது.

மொனிகா


பலர்மோ,
28.4.2024

மச்சாள்,

சம்மதம். எல்லாவற்றுக்கும் சம்மதம். சால்வை இங்கேயும் நிறைய இருக்கிறது, சந்தையில் நல்ல நிறத்தில் வாங்கி வைக்கிறேன்.

மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கொண்டுவா. கருவாடு வேண்டாம், ஏயாப்போட்டில் பிடிப்பார்கள். சிஞ்ஞோரா நீ எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். நான்தான் சொல்லிச் சொல்லி அவருக்கு உன்னைத் தெரிந்துவிட்டது.

சுகமாக வந்து சேர். மிச்சத்தை நேரில் கதைப்போம்.

மாக்கிரட்


பலர்மோ,
9.7.2024

மடு மாதா துணை

“இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். கடிதத்தில் உங்களை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே, இஞ்சாருங்கோ.

நான் நல்ல சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? போனில் சொன்னால் ஓம் ஓம் என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இருந்து வாசியுங்கள்.

உங்கள் தங்கச்சி என்னை ஏயாப்போட்டில் கண்டதும் சால்வையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிப்பிடித்து, “மெலிஞ்சு போனாய்” என்றாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவினாள், நான் குடித்து முடிக்கும்வரை. மூன்றாம் நாள் நானே, “இஞ்சாலை திரும்பி இரு, எனக்கு விசர் வருது” என்றேன். திரும்பி இருந்தாள். வழிந்தது. துடைத்தேன். கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

திங்கட்கிழமைகளில் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனோம். நம் துறை மாதிரித்தான், வள்ளம், வலை, மீன் வெடுக்கு. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கிழவர்களோடு இருந்து வலை தைத்திருப்பீர்கள். நான் ஒரு கல்லில் இருந்து பார்த்தேன். சுலக்சனா நல்ல பிள்ளை, ஆனால் அவளுக்கு அந்தத் தீ ஏறவே இல்லை. ஏறுகிற இடத்தில் ஒவ்வொரு தரமும் சத்தம் அறுந்தது. கடைசிப் பழக்கத்து நாள் அவளுக்கு உதடு வீங்கிவிட்டது. பியூகிளை என் மடியில் வைத்துவிட்டு, “அன்ரி, எனக்கு ஏலாது, நான் சிம்பல்ஸுக்குப் போறன்” என்று எழும்பிப் போய்விட்டாள்.

மடியில் இருந்தால் கை சும்மா இருக்குமா? எல்லாரும் தண்ணி குடிக்கப் போன நேரத்தில் கடல் பக்கம் திரும்பிச் சால்வையை இறக்கி வைத்தேன். ஊதினேன். இடது பக்கத்தால் காற்றுப் போனது, புஸ் என்று. திரும்ப ஊதினேன், அதுவேதான். மாக்கிரட் பின்னால் வந்ததை நான் காணவில்லை. கேட்காமலே கையை நீட்டி என் இடது கன்னத்தை உதட்டோடு சேர்த்து அமத்திப் பிடித்தாள். “இப்ப ஊது” என்றாள்.

தா வந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. மேலே போகப் போக அவள் இன்னும் அமத்தினாள். தீ வந்தது, மெல்லியதாக, ஆனால் வந்தது. வலை தைக்கிற கிழவர் ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

திருநாள் அன்று பின்னேரம் போர்கோ வெக்கியோத் தெருவில் சனம் என்றால் சனம். நம் ஆட்கள் ஒரு பக்கம், இத்தாலியர்கள் மறுபக்கம், மேலே பல்கனியெல்லாம் பெண்கள். கிறிகோரி கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். எல்லாரும் வெள்ளைச் சட்டை, நீலச் சால்வை. என் சால்வையும் நீலம்தான், மாக்கிரட் அப்படிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். மூக்குவரை போட்டுக்கொண்டு பியூகிளோடு நின்றேன். ஊதுவதென்றால் இறக்க வேண்டும். யோசேப் சுவாமி மாதாவுக்குத் தூபம் காட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மாக்கிரட்டால் வர முடியாது, அவளுடைய இரண்டு கையிலும் குச்சி. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சால்வையை இறக்கினேன். முதல் தரம் பயத்தில் சத்தம் வரவில்லை, காற்று மட்டும்தான். பின்னால் யாரோ இருமினார்கள். முன்னால் நின்ற ஒரு இத்தாலியப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த நிமிடம் திரும்பி ஓடலாம் என்றிருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு, ஓடினால் அந்தப் பின் வாங்குக்குத்தான் போவேன் என்று நினைத்தேன். இடது கையைத் தூக்கி என் கன்னத்தை நானே பிடித்தேன், அவள் பிடித்த மாதிரி. ஊதினேன்.

நடுவில் தீ உடைந்தது. பரவாயில்லை, ஏறிவிட்டேன். கடைசித் தாவை விடாமல் பிடித்தேன். மூச்சு முடிகிற நேரத்தில் மாக்கிரட்டின் குச்சி விழுந்தது. பெரிய ட்ரம் விழுந்தது. பின்னால் எல்லாச் சப்பாத்தும் ஒன்றாக எழும்பியது எனக்குக் கேட்டது. ஒரு செருப்பும்.

தெரு முழுக்க நடந்தோம். சந்தியில் சுற்றுப்பிரகாரம் நின்றபோது பல்கனியிலிருந்து ஒரு கிழவி ஏதோ கத்தினா. “என்ன சொல்லுறா?” என்று ஜெசிக்காவைக் கேட்டேன். “இன்னொருக்கா ஊதட்டாம் மாமி” என்றாள். ஊதினேன். அடுத்த சந்தியிலும் கேட்டார்கள். சால்வை எங்கேயோ விழுந்துவிட்டது, பிறகு தேடவில்லை.

ஞானம்பிகை அக்கா முடிவில் வந்து, “மொனிகா, நீர் ஊதினது எனக்குக் கேளாத காதிலையும் கேட்டது” என்றார். அவர் பகிடிக்காரி, நம்பாதீர்கள்.

ஜெசிக்கா எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருக்கிறாள். அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பு என்றேன்.

கோழிகளைக் கவனம். உங்களையும்.

மொனிகா


பேசாலை,
30.7.2024

அன்புள்ள மொனிகா,

உன் கடிதம் வந்தது. இருந்துதான் வாசித்தேன். கோழி சுகம், முழங்கால் சுகம், நானும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வீடியோ உன் கடிதத்துக்கு முன்னமே வந்தது. துறையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னோடு கடலுக்கு வரும் பேனாட்டின் போனுக்கு வந்தது, என்னுடையதில் இடமில்லை. வெயிலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. வள்ளத்துக்குக் கீழே குனிந்து வைத்துப் பார்த்தோம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் ஊதிய வருடங்களில் நான் சவூதியில் இருந்தேன். வந்து உன்னைக் கட்டும்போது பாண்டும் இல்லை, பியூகிளும் இல்லை. தங்கச்சி சொல்லியிருக்கிறாள், உன் சிநேகிதிகள் சொல்லியிருக்கிறார்கள், நீயும் எப்போதாவது சொல்லியிருக்கிறாய். எல்லாரும் கேட்டதை நான் மட்டும் கேட்டதில்லை. ஒரு நாளும் அதை உன்னிடம் சொன்னதும் இல்லை.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். பேனாட், “நடுவிலை கொஞ்சம் பிசகிப்போச்சு என்ன, அண்ணை?” என்றான். “நீ ஒருக்கா ஊதிப் பாரன்” என்றேன். பிறகு அவனே இன்னொரு தரம் போட்டான்.

நல்லாயிருந்தது மொனிகா.

அந்தப் பியூகிளை உனக்குத் தருவார்களா என்று தங்கச்சியிடம் கேட்டுப் பார். தராவிட்டால் பரவாயில்லை, றஞ்சித்தைக் கொழும்பில் தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் குசினிக்குள் ஊதாதே. முற்றத்தில் நின்று ஊது. நான் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருப்பேன்.

ஸ்ரீபன்